அறுபதில் ஏறும் முள்

— இன்ஜின் சூடு இப்ப எவ்வளவு காட்டுது மாமா?

— எண்பத்தெட்டு.

— முள் ஆடுதா, நிக்குதா?

— நிக்குதும்மா. பரீட்சை எழுதற பிள்ளை மாதிரி அசையாம நிக்குது. இதைப் பாத்துட்டு யாராவது நம்புவாங்களா, ரோட்டுல இறக்கினா இந்த வண்டி மகாராணிக்கு மூக்குலேர்ந்து ஆவி வரும்னு?

— ஆக்சிலேட்டரை லேசா மிதிங்க. மிதிச்சுட்டு அப்படியே பிடிச்சு வைங்க.

— பிடிச்சிருக்கேன். தொண்ணூறு. தொண்ணூத்தொண்ணு. அவ்வளவுதான், அதுக்கு மேல ஏற மாட்டேங்குது.

— சரி, ஆஃப் பண்ணுங்க. பானெட்டு கீழ என் தலை இருக்கு, இறங்கி வரும்போது எங்கேயும் இடிச்சு வைக்காதீங்க.

— நாப்பது வருஷம் டெலிவரி வண்டி ஓட்டினவன் நான். இப்படி ஒரு வியாதியைக் கண்டதே இல்ல. வண்டின்னா நின்னா கொதிக்கும், ஓடினா காத்துப் பட்டு ஆறும். அதான் விஷயம். இவளுக்கு மட்டும் நின்னா சுகம், ஓடினா காய்ச்சல்.

— தலைகீழா இருக்குல்ல.

— தலைகீழாத்தான் இருக்கு. என்னமோ போ.

— அதனாலதான் இன்னிக்கு முதல்லேர்ந்து பாக்கப் போறேன். ஒண்ணு விடாம.

— ஞாயித்துக்கிழமை அதுவுமா எதுக்கும்மா? ஆறு நாள் ஊர்ல இருக்கற ஃப்ரிட்ஜையெல்லாம் தோள்ல சுமக்கறே. ஒரு நாள் கால நீட்டிப் படேன். வண்டி எங்கேயும் ஓடிப் போயிடாது.

— அதானே நம்ம பிரச்சினை. ஓட மாட்டேங்குது.

— வாய் இருக்கு உனக்கு.

— கணக்கு சிம்பிள் மாமா. நான் சொல்லச் சொல்ல நீங்க தப்பு இருந்தா சொல்லுங்க. பழைய இன்ஜின் நாலு சிலிண்டர். அதுக்குத் தகுந்த ரேடியேட்டர் இருந்துச்சு, அது பாட்டுக்கு இருபது வருஷம் ஓடுச்சு. அப்புறம் உங்க பையன், யாரோ உடைக்கப் போட்டிருந்த வேன்லேர்ந்து இந்த ஆறு சிலிண்டர் இன்ஜினைத் தூக்கிட்டு வந்தார்.

— துரைன்னு சொல்லு. உங்க பையன்னு நீ சொல்லும்போதெல்லாம் என்னமோ நான் செஞ்ச தப்பு மாதிரி இருக்கு.

— சரி, உங்க துரை.

— என் துரை இல்ல. பொதுவா துரை.

— பொதுவான துரை. பழைய இன்ஜினைக் கழட்டிக் கீழ இறக்கினார். நட்டு போல்ட்டையெல்லாம் பிஸ்கட் டப்பாவுல போட்டார். டப்பா மேல எது எந்த இடத்துதுன்னு எழுதாம, கிளம்பிப் போயிட்டார்.

— வேலை விஷயமா ஒரே மாசம்னு சொல்லிட்டுப் போனான். நாலு வருஷம் ஆச்சு. அங்க அவனுக்கு ஒரு குடும்பமே ஆயிடுச்சு.

— அதை விடுங்க. நான் இன்ஜினைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்.

— நானும் அதைத்தான் பேசறேன். ரெண்டு வருஷம் அந்த இன்ஜின் மேல ஒரு கிழிஞ்ச போர்வையைப் போட்டு மூடி வெச்சிருந்தோம். பொணத்தை மூடி வெச்ச மாதிரி. நீதான் ஒரு நாள் வந்து போர்வையை இழுத்துப் போட்டே. இதை ஓட வெச்சு, ஃபோட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பணும், வாயைப் பொளக்கணும்னு சொன்னே.

— சொன்னேன். அது கோவத்துல சொன்னது. இப்ப ஃபோட்டோவெல்லாம் அனுப்ப வேண்டாம்.

— கோவம் போயிடுச்சா?

— போயிடுச்சான்னு தெரியல. ஆனா இப்ப ராத்திரி படுத்தா அவர் ஞாபகம் வரதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட் ஞாபகம் வருது.

— நல்ல மாப்பிள்ளைதான் தெர்மோஸ்டாட்டு. சொல்லு, அப்புறம்?

— இந்த இன்ஜின் நீளம் ஜாஸ்தி. ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ரெண்டு விரல்கூட நுழையாது. அதனால பழைய ஃபேனைத் தூக்கிட்டு, கரண்ட்ல ஓடற ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னாடி, கிரில்லுக்குப் பின்னாடி மாட்டினோம். மழை ஆரம்பிக்கறதுக்கு முந்தின வாரம்.

— ஆமா. நீதான் மாட்டினே. நான் டார்ச் அடிச்சேன்.

— அதுக்கு முன்னாடியே ரேடியேட்டர் பெரிசு பண்ணியாச்சு. ரெண்டு வரிசைக் குழாய் இருந்தது நாலு வரிசை. வண்டியை மேட்டுல மூக்கு தூக்கி நிறுத்தி, தண்ணிக்குள்ள சிக்கின காத்தையெல்லாம் எடுத்தாச்சு. மழைக்கு அப்புறம் தண்ணி பம்பை மாத்தினேன். தெர்மோஸ்டாட்டை ரெண்டு தடவை மாத்தினேன். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூடி.

— மூடி மூணு தடவை.

— மூடி மூணு தடவை. எண்ணி வெச்சிருக்கீங்களே.

— எண்ணாம? ஒவ்வொண்ணும் நீ மாட்டும்போது பக்கத்துல டார்ச்சோட நின்னவன் நான்.

— ஆனா ஹைவேல போய் அறுபதைத் தொட்டா முள் ஏறிடுது.

— ஏறிடுது. அந்த மரக்கடை தாண்டினதும் தொண்ணூத்தஞ்சு, பாலத்துல நூறு, பாலம் இறங்கினா புஸ்ஸுன்னு ஆவி. வீட்டுக்கு வர்ற வழியில ரெண்டு தடவை நிறுத்தித் தண்ணி. எனக்கு ஒண்ணு தோணுதும்மா, சொல்லட்டுமா?

— சொல்லுங்க.

— அஞ்சு வரிசை ரேடியேட்டர் செஞ்சு குடுக்கறவன் ஒருத்தன் இருக்கான். எனக்குத் தெரிஞ்ச ஆளு. ஆர்டர் குடுத்தா ரெண்டு மாசத்துல வரும்.

— ரெண்டு மாசமா?

— மூணுகூட ஆகலாம். பொறுமையா செய்யற ஆளு.

— வேண்டாம் மாமா. ஃப்ரிட்ஜோ வண்டியோ, எல்லாம் ஒண்ணுதான். உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளியில கொட்டணும். கொட்டற இடத்துல காத்து போகலைன்னா எத்தனை வரிசை போட்டாலும் சூடு திரும்பி உள்ளயேதான் வரும்.

— அப்ப கீழ் ஹோஸை ஒரு தடவை பாத்துடறேன். ஓடும்போது அது உறிஞ்சிக்கிட்டு ஒட்டிப் போகுதோ என்னமோ.

— நேத்துதானே பாத்தீங்க.

— நேத்து வெளிச்சம் பத்தல. நீ நில்லு, நான் அடியில போய்ட்டு வரேன். அந்தச் சாக்கை இப்படித் தள்ளு.

— முழங்கால் வலிக்குதுன்னு காலையில சொன்னீங்க.

— படுத்தா வலிக்காது. நகரு.

— என்னம்மா, ஷெட்டுலயா இருக்கே? வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம்.

— வாங்க டெய்லரக்கா. என்ன கையில பெரிய மூட்டை?

— உங்க வண்டிக்கு சீட் கவர். நான் ஒண்ணும் சொல்லல, ஆனா ஏழு மாசம் முன்னாடி அளவு எடுத்துட்டு வந்தது. அவசரம் அவசரம்னு உன் மாமனார் உயிரை எடுத்தார். தைச்சு வெச்சதுக்கப்புறம் வாங்கவே வரல. என் மெஷின் பக்கத்துலயே கிடந்து, பூனை அது மேல குட்டி போட்டு, குட்டியும் வளந்துடுச்சு.

— துவைச்சீங்களா?

— துவைக்காம கொண்டு வருவேனா? நல்லா இருக்கா சொல்லு.

— ரொம்ப நல்லா இருக்கு அக்கா. ஓரத்துல இரட்டைத் தையல் போட்டிருக்கீங்க.

— வண்டி சீட்டு, கிழியக் கூடாதுல்ல. சரி, நான் ஒண்ணும் சொல்லல, பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு என்ன வந்துச்சு. ஆனா உன் மாமனார்கிட்ட சொல்லிட்டியா இல்லையா?

— அக்கா, அதை அப்புறம் பேசலாமே.

— என்ன அப்புறம்? நாளைக்குக் காலையில பதில் சொல்லணும்னு நீதானே சொன்னே. எட்டு மணி நேரம் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம், அவ்வளவு பெரிய கோல்ட் ஸ்டோரேஜுல மெயின் டெக்னீஷியன். யாருக்குக் கிடைக்கும்? போன தடவை கூப்பிட்டப்பவே நீ போயிருக்கணும்.

— அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க.

— நான் சொல்றதை நீ கேளு. அப்ப என்ன சொன்னே அவங்ககிட்ட? வீட்டுல ஒரு வண்டி வேலை பாதியில நிக்குது, முடிச்சுட்டு வரேன்னு. அவங்க சிரிச்சிருப்பாங்க. ரெண்டாந்தடவை கூப்பிடறாங்க, மூணாந்தடவை கூப்பிட அவங்க என்ன உன் தாய்மாமனா? புருஷனே விட்டுட்டுப் போயாச்சு, கோர்ட்டுல எழுதியும் குடுத்தாச்சு. மாமனார் வீட்டுல எந்தக் கணக்குல இருக்கேன்னு தெருவுல என்னைக் கேக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கேக்கறாங்க.

— டெய்லரம்மா, உங்க கால் பக்கத்துல ஒரு ஸ்பானர் கிடக்கும் பாருங்க. அதை இப்படிக் கீழ நீட்டுங்க.

— அட கடவுளே. நீங்க அடியிலயா இருக்கீங்க?

— அடியிலதான் இருக்கேன். நல்லாக் கேக்குது. ஸ்பானர்.

— இந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன். வரேம்மா. வரேங்க.

— மாமா.

— ம்.

— வெளியில வாங்க.

— ஹோஸ் கிளாம்பு லேசா இருக்கு. முறுக்கிட்டு வரேன்.

— அந்தக் கிளாம்பு பத்து நம்பர். உங்க கையில இருக்கறது பதினெட்டு. வெளியில வாங்க மாமா.

— கையைக் குடு. மெதுவா. ஆங்.

— நானே சொல்லணும்னுதான் இருந்தேன். காலையிலேர்ந்து வாய் வரைக்கும் வந்துச்சு. சாப்பிடும்போது சொல்லலாம்னு நினைச்சேன், நீங்க துவையல் நல்லா இருக்குன்னு சொன்னதும் முழுங்கிட்டேன்.

— எட்டு மணி நேரமா?

— பஸ்ல எட்டு.

— என்னென்ன இருக்கு அங்க?

— காய்கறி, பழம், மருந்து, தடுப்பூசி. நாலு கம்ப்ரஸர் மாமா, ஒவ்வொண்ணும் இந்த ஷெட்டு அளவு இருக்கும். இங்க நான் பாக்கறது எல்லாம் ஐஸ் கட்டாத ஃப்ரிட்ஜும் தண்ணி சொட்டற ஏசியும். அங்க எனக்குக் கீழ ஆறு பேர் வேலை பாப்பாங்க.

— தங்கறதுக்கு?

— குவார்ட்டர்ஸ் தர்றாங்க. ரெண்டு ரூம்.

— நல்ல வேலைதான். நல்லா இருக்கு. சந்தோஷம்.

— உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலையே.

— என் மூஞ்சி எப்பவுமே இப்படித்தான். உன் அத்தை கல்யாண ஃபோட்டோவைப் பாத்துட்டே சொல்லுவா, தாலி கட்டற மூஞ்சியா இது, சலான்ல கையெழுத்து வாங்கற மூஞ்சின்னு. ஆனா வண்டி முடியலையேம்மா.

— முடியல. அதனாலதான் நாளைக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, இன்னிக்கே இதை முடிக்கணும்.

— ஏழு மாசமா முடியாதது இன்னிக்கு ஒரு நாள்ல முடியுமா?

— முடியும். அந்தப் பழைய பேப்பர்ல ஒரு தாள் கிழிச்சுக் குடுங்க.

— எதுக்கு?

— ஃபேனுக்கு முன்னாடி பிடிக்கணும். ஃபேன் காத்தை இன்ஜின் பக்கமாத் தள்ளினா, தாள் போய் கிரில்லுல ஒட்டிக்கணும்.

— ஃபேன்தான் சுத்துதே. சத்தம் எனக்கே கேக்குது.

— சுத்துது. எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாக்கணும்.

— அதெல்லாம் நீ மாட்டின அன்னிக்கே பாத்தாச்சே. மதியம் ஆயிடுச்சு, சாப்பிட்டுட்டு வந்து பாப்போம். பசி மயக்கத்துல மெஷின் முன்னாடி நிக்கக் கூடாது.

— எனக்குப் பசிக்கல. தாள் குடுங்க.

— நாளைக்குப் பாத்தாதான் என்ன?

— நாளைக்கு நான் பதில் சொல்லணும். ஏறி உக்காருங்க, இன்ஜின் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஃபேன் சுவிட்சை மட்டும் போடுங்க.

— சுவிட்சு கொஞ்சம் மக்கர் பண்ணுது.

— மாமா. சுவிட்சு.

— போட்டுட்டேன்.

— பாருங்க இப்ப.

— இங்கேருந்து எனக்குச் சரியாத் தெரியல.

— தெரியுது உங்களுக்கு. தாள் பறந்து என் மூஞ்சியில வந்து அடிக்குது. ஃபேன் வெளிப்பக்கமா ஊதுது.

— அப்படியா?

— வண்டி நின்னா ஒண்ணும் தெரியாது. ஏதோ ஒரு பக்கமாக் காத்து போய்க்கிட்டு இருக்கும், சமாளிச்சுக்கும். அறுபதுல போகும்போது முன்னாடிலேர்ந்து காத்து உள்ள வருது, ஃபேன் அதை வெளியில தள்ளுது. ரெண்டும் நடுவுல முட்டிக்கிட்டு நிக்குது. ரேடியேட்டருக்கு ஒரு பொட்டுக் காத்து கிடையாது. நீங்க அணைச்சுட்டு இறங்கி வாங்க.

— வந்துட்டேன். மாட்டும்போது ஒயர் மாறியிருக்கும். அவசரத்துல. பரவாயில்லம்மா, யாருக்கும் நடக்கறதுதான்.

— சிவப்பு ஒயர் கறுப்போட சேந்திருக்கு. கறுப்பு சிவப்போட.

— அதான் சொன்னேன்.

— நான் டேப் சுத்தினா கத்திரிக்கோலால வெட்டுவேன், கடைசியில ஒரு மடிப்பு மடிச்சு விடுவேன், திரும்பப் பிரிக்கச் சுலபமா இருக்கும்னு. இது அப்படி இல்ல. இதைப் பல்லால கடிச்சு அறுத்திருக்கு. பல் தடம்கூட இருக்கு.

— ம்.

— இந்த வீட்டுல டேப்பைப் பல்லால கடிக்கறது யாரு மாமா?

— துரை கடிப்பான்.

— துரை இந்த ஃபேனைப் பாத்ததே இல்ல.

— தெரியும். அவன் அந்தப் பழக்கத்தை என்கிட்டேருந்துதான் கத்துக்கிட்டான்.

— உக்காருங்க. அந்த டயர் மேல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். என்னை உக்கார வெச்சு விசாரிக்கறதுக்கு நின்னுக்கிட்டே சொல்லிடறேன். கோர்ட் பேப்பர் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— கையெழுத்துப் போட்டு மேசை மேல வெச்சுட்டு நீ உள்ள போயிட்டே. பேனா மூடாம கிடந்துச்சு. நான்தான் மூடி வெச்சேன். மூடும்போது பேப்பரைப் பாத்தேன். உன் பேருக்குப் பின்னாடி அவன் பேர் இல்ல. நியாயம்தான். ஆனா அப்ப நான் உன்னை யாருன்னு சொல்றது? கடைக்காரன் மருமக வரலையான்னு கேட்டா என்ன பதில் சொல்வேன்? அதையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— என்கிட்ட கேட்டிருக்கலாமே.

— கேளு, முழுசாக் கேளு. மறுநாள் காலையில ஹைவேல விட்டுப் பாக்கணும்னு நீ சொல்லியிருந்தே. ஃபேன் மாட்டியாச்சு, இனிமே கொதிக்காது, வண்டி முடிஞ்சுதுன்னு ரொம்ப சந்தோஷமா இருந்தே. எனக்குள்ள ஒரு இது. வண்டி முடிஞ்சா இவ எதுக்கு இங்க இருக்கணும்? கோவத்துக்காக ஆரம்பிச்சது, வேலைக்காக நின்னுச்சு, வேலை முடிஞ்சா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவான்னு. நீ தலைக்குக் குளிக்கப் போனே. அந்த இருபது நிமிஷத்துல வந்து மாத்தினேன்.

— இருபது நிமிஷம்.

— ரெண்டு ஒயர்தானே. டார்ச் இல்லாம தடவித் தடவி மாத்தினேன், அதனால இருபது நிமிஷம். இல்லைன்னா அஞ்சு நிமிஷ வேலை.

— சரி.

— நீ கெட்டிக்காரி, ஒரு வாரத்துல கண்டுபிடிச்சுடுவேன்னு நினைச்சேன். ஒரு வாரம் கிடைச்சாப் போதும்னுதான் செஞ்சேன், சத்தியமா. ஒரு வாரம் ஒரு மாசம் ஆச்சு. நீ பம்பைப் பிரிச்சே. நான் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன், நீ அந்தப் போல்ட்டைக் குடுங்க மாமாம்பே, குடுத்துடுவேன். அப்புறம் சேந்து உக்காந்து டீ குடிப்போம். அதுக்கப்புறம் சொல்ல வாய் வராது.

— எனக்கு அந்த வேலை முதல் தடவை வந்தது உங்களுக்குத் தெரியுமா?

— இப்பதான் டெய்லரம்மா சொல்லித் தெரியும். தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஒயரைப் பிடுங்கி எறிஞ்சிருப்பேன். வீட்டுல பொழுது போகறதுக்கு ஒரு ஆள் வேணும்னு ஒரு பொண்ணோட பொழைப்பைக் கெடுத்திருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா. அவன் விட்டுட்டுப் போனான், நான் போக விடாமப் பிடிச்சு வெச்சிருக்கேன். ரெண்டு பேர்ல எவன் மோசம்னு நீயே சொல்லு.

— போகாதேன்னு ஒரு வார்த்தை ஏன் மாமா சொல்லல?

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு? என் பையன் கழட்டிப் போட்டுட்டுப் போன பொண்ணுகிட்ட, நீயாவது என்கூட இருன்னு எப்படிக் கேக்கறது? அதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்கு? வண்டி கொதிக்குதுன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு.

— ம்.

— திட்டு. எதுவா இருந்தாலும் திட்டிடு.

— டேப் இந்தாங்க. நீங்க மாத்தினது, நீங்களே சரி பண்ணுங்க. சிவப்போட சிவப்பு.

— இப்பவும் ஒயர் சரியாத் தெரியல.

— தெரியும், பாருங்க. இந்தத் தடவை நான் டார்ச் பிடிக்கறேன்.

— இது சிவப்புதானே?

— கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க.

— சிவப்புதான். இப்படி முறுக்கி, இப்படிச் சேத்து. ஆச்சு.

— கத்திரிக்கோல் உங்க பக்கத்துலதான் இருக்கு மாமா.

— பழக்கதோஷம். சரி, குடு. வெட்டறேன். மடிப்பும் மடிச்சு விடறேன், போதுமா?

— போதும். ஃபேனைப் போட்டுட்டேன், தாளைப் பாருங்க. கிரில்லோட ஒட்டிக்கிச்சு. இழுத்தாக்கூட வர மாட்டேங்குது. சாவியை எடுங்க, போய்ப் பாப்போம்.

— சீட் கவர் போட்டுட்டுப் போலாமா? டெய்லரம்மா துவைச்சுக் கொண்டு வந்திருக்கு.

— போட்டுக்கலாம். முதுகுப் பக்கம் நீங்க இழுங்க.

— கிளம்பியாச்சு, உன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுசா இறக்கு. காத்து வரட்டும்.

— இறக்கிட்டேன். நாப்பதுல போங்க முதல்ல.

— நாப்பது. எண்பத்தாறு காட்டுது. புது கவர்ல உக்காந்தா வழுக்குது, யாரோ வீட்டு வண்டியில வந்த மாதிரி இருக்கு.

— அம்பது போங்க.

— அம்பது. எண்பத்தேழு. மரக்கடை வருது பாரு. இங்கதான் இவளுக்கு மனசு மாறும்.

— அறுபது.

— அறுபது. எண்பத்தேழு. தாண்டியாச்சு.

— நிக்குதா?

— நிக்குதும்மா.

— எழுபதுல விடுங்க.

— எழுபது. எண்பத்தெட்டு. பாலம் ஏறறோம். ஏழு மாசமா இந்தப் பாலத்துல நான் முள்ளை மட்டும்தான் பாத்திருக்கேன். கீழ ஆத்துல தண்ணி இவ்வளவு போகுதுன்னு இப்பதான் பாக்கறேன். எண்பத்தெட்டேதான்.

— இன்ஜின் சத்தம் எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு. அவன் நல்ல இன்ஜினாத்தான் பொறுக்கிட்டு வந்திருக்கான். அதை மட்டும் சொல்லணும்.

— ஆமா. அது மட்டும்.

— நாளைக்கு என்ன சொல்லப் போறே?

— வரேன்னு சொல்லப் போறேன்.

— ம்.

— பதினஞ்சாம் தேதிக்குள்ள சேரணும்.

— எனக்குப் பயமா இருக்கும்மா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். அந்த வீட்டுல தனியா எனக்கு டிவி போடக்கூடத் தோணாது.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆறு பேரை நான் எப்படி வேலை வாங்குவேன்? உங்க ஒருத்தரையே வேலை வாங்கத் தெரியல.

— என்னை வாங்கின மாதிரியே வாங்கு. டார்ச்சைக் கையில குடுத்து நிக்க வை.

— குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம் மாமா.

— தெரியும், சொன்னே. இப்ப கூப்பிடாத. நீ முதல்ல போய், உன் பாட்டுக்கு ஒரு ஆறு மாசம் இரு. உனக்கே தோணிச்சுன்னா கூப்பிடு. தோணலைன்னா ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணு.

— ஃபோன் பண்ணி என்னன்னு கூப்பிடறது? மாமான்னே கூப்பிடலாமா?

— வேற என்னன்னு கூப்பிடுவே? பேப்பர்ல அவன் பேரைத்தானே அடிச்சிருக்கு.

— சாமானையெல்லாம் இதுலயே ஏத்திக்கலாம். மலையேத்தத்துக்கு இவ தாங்குவா. இறங்கும்போது மட்டும் பிரேக்கை நம்பாம கியர்ல வாங்க.

— நான் ஓட்டணுமா?

— எனக்குக் கிளட்ச் எட்டாதே.

— திரும்பி வரும்போது தனியா வரணும்.

— ஆமா. வழியில முள்ளைப் பாத்துக்கிட்டே வராதீங்க. அது ஏறாது.

— ஒண்ணு கேக்கறேன். நீ ஏன் என்னைத் திட்டவே இல்ல? வேற யாரா இருந்தாலும் ஸ்பானரைத் தூக்கி எறிஞ்சிருப்பாங்க. ஏழு மாசம் உன்னை முட்டாளாக்கியிருக்கேன்.

— ரோட்டைப் பாத்து ஓட்டுங்க மாமா.

— பாத்துத்தான் ஓட்டறேன். வயசானவன்னு விட்டுட்டியா?

— இல்ல.

— பாவம்னு நினைச்சியா?

— அதுவும் இல்ல.

— சரி, இன்னொண்ணு சொல்லு. ஏசிக்காரி நீ. உன் பொழைப்பே காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறதுதான். காகிதத்தை எடுத்துப் பிடிக்க அரை நிமிஷம் ஆகுமா? அதுக்கா உனக்கு ஏழு மாசம் ஆச்சு?

— நீங்க மாத்தின அன்னிக்கே எனக்குத் தெரியும் மாமா. பம்பு, தெர்மோஸ்டாட்டு, அந்த மூணு மூடி, எல்லாம் அதுக்கு அப்புறம்தானே வாங்கிட்டு வந்தேன்.